ஈரல் புழுவுக்கு ‘என்சைம்’ கேப்சூலா? திண்டிவனத்து மாடுகளுக்குத் தேவை ஒரு பிடி சாணப் பரிசோதனை!

பால் கறந்துகொண்டிருந்த மாடு கொஞ்சம் கொஞ்சமாக மெலிகிறது. தவிட்டுத் தண்ணீர் வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. கழிச்சல் விட்டு விட்டு வருகிறது. சில வாரங்களில் தாடைக்குக் கீழே மெத்தென்று ஒரு பை தொங்குகிறது. “தாடையில தண்ணி கோத்துக்கிச்சு” என்று வெயிலையும் தீவனப் பற்றாக்குறையையும் திட்டிவிட்டு, மருந்துக்கடையில் ஒரு ‘லிவர் டானிக்’ பாட்டில் வாங்கி வந்து ஊற்றுவது கிராமங்களில் சாதாரணமாக நடக்கும் விஷயம்.

இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் பிள்ளைக்கு, திண்டிவனம் பக்கத்து ஊரிலிருந்து அம்மா வாட்ஸ்அப்பில் மாட்டின் போட்டோவை அனுப்புகிறார். பிள்ளை போனில் தேடுகிறான். ஈரல் புழு, அதாவது ‘லிவர் ஃப்ளூக்’ என்ற பெயர் வருகிறது. அதன் பின்னாலேயே ‘செரிமான என்சைம் எடுத்தால் புழு கரைந்து வெளியேறும்’, ‘பாராசைட் கிளென்ஸ்’, ‘லிவர் ஃப்ளஷ்’ என்று ரீல்ஸ் வரிசை கட்டி நிற்கின்றன. மனிதர்களுக்கு விற்கிற கேப்சூல்தான் அது. ஆனாலும், இரண்டைப் பொடித்து மாட்டுக்கும் கொடுத்துப் பார்த்தால் என்ன என்ற யோசனை வர ரொம்ப நேரம் ஆகாது.

வேடிக்கை என்னவென்றால், ஈரல் புழு நோயில் செரிமான நொதிகளுக்கு, அதாவது என்சைம்களுக்கு, பெரிய பங்கு இருப்பது நிஜம்தான். அந்தப் பங்கில் முக்கால்வாசி புழுவுக்குச் சாதகமாக இருக்கிறது, அவ்வளவுதான். நொதியைக் கேப்சூலில் தேடுவதை விட்டுவிட்டு மாட்டின் சாணத்திலும் ரத்தத்திலும் தேடினால், தாடை வீங்குவதற்குப் பல வாரங்கள் முன்பே நோயைப் பிடித்துவிடலாம். அந்த வழி பால் சங்கம் வரைக்கும் ஏன் வரக் கூடாது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஏரிக்கரையிலிருந்து ஈரல் வரை

இந்தியச் சமவெளிகளில் மாடு, எருமை, ஆடுகளைத் தாக்கும் ஈரல் புழுவின் பெயர் ஃபாசியோலா ஜைகாண்டிகா. இலை வடிவம், தட்டை உடம்பு. நன்றாக வளர்ந்தது விரல் நீளத்துக்கு, 7 செ.மீ. வரைகூட இருக்கும். இமயமலைப் பக்கத்துக் குளிர் பகுதிகளில் இருப்பது இதன் சிறிய உறவுக்காரர், ஃபாசியோலா ஹெபாடிகா. உலகில் அதிகமாக ஆராயப்பட்டது அந்தச் சிறியதுதான். நொதிகளைப் பற்றி இன்று தெரிந்திருப்பதில் பெரும்பகுதி அதிலிருந்து வந்தது. (பெரியதற்கு 1855-ல் பெயர் வைத்த தாமஸ் காபோல்டுக்கு அது கிடைத்தது மாட்டில் கூட இல்லை, ஒரு ஒட்டகச்சிவிங்கியின் ஈரலில்!)

இந்தப் புழு மாட்டிலிருந்து மாட்டுக்கு நேராகத் தொற்றாது. நடுவில் நத்தை வேண்டும். சாணத்தோடு விழும் முட்டை தண்ணீரில் பொரிக்கிறது. வெளியே வரும் குஞ்சு, ஒரு நாளுக்குள் லிம்னியா வகை நன்னீர் நத்தை ஒன்றைக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்தாக வேண்டும். நுழைந்துவிட்டால் கொண்டாட்டம்தான். நத்தைக்குள்ளேயே பெருகி, ஒன்று நூற்றுக்கணக்கில் வெளியே வரும். அவை நீந்திப் போய்ப் புல்லிலோ நெல் தாளிலோ ஒட்டிக்கொண்டு, வாலை உதிர்த்துவிட்டு, தம்மைச் சுற்றிக் கெட்டியான உறை ஒன்றைக் கட்டிக்கொள்கின்றன. மெட்டாசெர்க்கேரியா என்று இதற்குப் பெயர். இங்கே ‘உறைப்புழு’ என்று வைத்துக்கொள்வோம். ஊசிமுனை அளவுதான் இருக்கும். ஈரம் இருந்தால் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். நல்ல வெயிலில் காய்ந்தால் செத்துவிடும்.

இங்கிலாந்தில் 1879-80 மழைக்காலத்தில் சுமார் 30 லட்சம் ஆடுகள் இந்த நோயால் செத்தன. அதற்குப் பிறகுதான் ஆக்ஸ்ஃபோர்டில் ஏ.பி. தாமஸும் ஜெர்மனியில் ருடால்ஃப் லூக்கார்ட்டும் தனித்தனியாகத் தேடி, நத்தைதான் நடுவில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். ஒரு ஒட்டுண்ணித் தட்டைப்புழுவின் முழு வாழ்க்கைச் சுழற்சியும் தெரியவந்தது அதுதான் முதல் முறை. ஆக, இது புதுசாக முளைத்த நோயும் கிடையாது, மர்மமான நோயும் கிடையாது.

விழுப்புரத்துக்கு வருவோம். ஏரியும் கிணறும் நெல்லும் மாடும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் மாவட்டம் இது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும். ஏரி நிரம்பும், கழனியில் தண்ணீர் நிற்கும், நத்தை பெருகும். அந்த நேரத்தில் விழும் முட்டை பொரிக்க இரண்டு, மூன்று வாரம். நத்தைக்குள் ஒன்றரை, இரண்டு மாதம். கணக்குப் போட்டுப் பார்த்தால், உறைப்புழு புல்லில் ஏறுவது தை மாத வாக்கில். சம்பா அறுவடை முடிந்து, அறுத்த கழனியில் மாடுகளை அவிழ்த்துவிடும் அதே நேரம்!

மாசி, பங்குனியில் ஏரி வற்ற வற்ற, பச்சை மிஞ்சி இருப்பது ஏரிக்குள்ளும் மதகு ஓரத்திலும்தான். மாடு அங்கேதான் இறங்கும். அங்கே தின்ற புழு ஈரலைத் துளைத்து, பித்தநாளத்தில் குடியேறி, முட்டையிடத் தொடங்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். ஆகவே தாடை வீங்குவது வைகாசி, ஆனியில். மழை நின்று அரை வருஷம் ஆகியிருக்கும். ‘இது தண்ணியில வந்த பூச்சி’ என்று யாருக்குத்தான் தோன்றும்? பழி மொத்தமும் அக்னி நட்சத்திரத்தின் தலையில் விழுகிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை ஒட்டிய மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. தென்பெண்ணை கரை புரண்டு, அரசூர் அருகே தேசிய நெடுஞ்சாலையே முழுகியது. செத்த மாடுகளைக் கணக்கெடுத்தார்கள், நிவாரணம் கொடுத்தார்கள். சரியான காரியம்தான். ஆனால், இப்படிப்பட்ட வெள்ளம் சாணத்தையும் நத்தையையும் ஒரே தண்ணீரில் கலந்து ஊர் ஊராகக் கொண்டுபோகிறது. அதன் விளைவு ஆறு மாதம் கழித்து, ஒரு மாட்டுக்கு ஒன்று, இரண்டு லிட்டர் பால் குறைவாக, யாரும் கணக்கெடுக்காத இடத்தில் வந்து நிற்கும். வெள்ள நிவாரணப் பட்டியலில் அதற்கு ஒரு வரிகூட இருக்காது.

காலிங் பெல்லும் பப்பாளிக்காயும்

இனி நொதிக்கு வரலாம். உறைப்புழு மாட்டின் வயிற்றுக்குள் போனதும் என்ன நடக்கிறது?

அந்த உறை சும்மா உடையாது. ‘உள்ளே வந்துவிட்டோம்’ என்று புழுவுக்கு அடையாளம் தெரிய வேண்டும். மாட்டின் உடல் சூடு, சுமார் 39 டிகிரி செல்சியஸ், முதல் அடையாளம். அசையூண் வயிற்றில் கார்பன் டை ஆக்சைடு நிறைந்து, ஆக்சிஜன் குறைந்திருப்பது அடுத்தது. அதில் புழு விழித்துக்கொள்கிறது. பிறகு சிறுகுடலின் தொடக்கத்தில் பித்தநீர் வந்து மேலே படுகிறது. அதுதான் காலிங் பெல். உடனே புழு தன் சொந்த நொதிகளைச் சுரந்து, உறையில் ஒரு ஓட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வருகிறது. நம் செரிமானச் சாறு புழுவைக் கரைக்கும் என்று ரீல்ஸில் சொல்கிறார்களே, உண்மையில் அந்தச் சாறு புழுவை எழுப்பிவிடும் அலாரம்.

வெளியே வந்த குஞ்சுப்புழு சில மணி நேரத்தில் குடல் சுவரைத் துளைத்து வயிற்றுக் குழிக்குள் இறங்கிவிடும். அதற்குப் பல்லோ நகமோ கிடையாது. கேதப்சின் என்ற நொதிக் கூட்டம்தான் கத்தி. புரதத்தை வெட்டும் நொதிகள் இவை. குடல் சுவரைக் கட்டிப்பிடித்து வைத்திருப்பது கொலாஜன் என்ற நார்ப்புரதம். குஞ்சுப்புழு சுரக்கும் கேதப்சின் எல்-3 என்ற வகை, அந்தக் கொலாஜனையே வெட்டக்கூடியது. கூடவே கேதப்சின் பி வகைகளும் துணைக்கு நிற்கும்.

இந்தக் கேதப்சின் என்ன மாதிரிச் சரக்கு என்பது சமையலறைக்குப் போனால் புரியும். முற்றிய ஆட்டுக்கறி வேக மறுத்தால், பாட்டி ஒரு துண்டு பப்பாளிக்காயைச் சேர்த்துப் போடுவார். கறி பஞ்சாகிவிடும். பப்பாளிப் பாலில் இருக்கும் பப்பைன் என்ற நொதியின் வேலை அது. பப்பைனும் புழுவின் கேதப்சினும் ஒரே நொதிக் குடும்பம். உயிரியல் வகைப்பாட்டில் அந்தக் குடும்பத்துக்கே பப்பைன் குடும்பம் என்றுதான் பெயர். கறியை மெத்தென்று ஆக்கும் அதே வித்தையைப் புழு உயிரோடு இருக்கும் மாட்டின் குடலிலும் ஈரலிலும் காட்டுகிறது.

ஈரலை அடைந்த புழு வாரக்கணக்கில் அதைத் தின்றுகொண்டே சுரங்கம் தோண்டுகிறது. வெட்டிய ஈரலில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு கோடாகத் தெரிவது இந்தச் சுரங்கங்கள்தான். பிறகு பித்தநாளத்துக்குள் நுழைந்ததும் நொதி மாறுகிறது. குஞ்சுப் பருவத்து எல்-3 குறைந்து, வளர்ந்த புழுவுக்கான எல்-1, எல்-2 போன்றவை வருகின்றன. இப்போது வேலை வேறு: ரத்தம் குடிப்பது, ஹீமோகுளோபினை வெட்டிச் செரிப்பது. வளர்ந்த புழு ஒன்று நாளொன்றுக்கு 0.2 முதல் 0.5 மி.லி. வரை ரத்த இழப்பை உண்டாக்கும் என்பது ஆடுகளில் பார்த்த கணக்கு. நூறு புழு இருந்தால் தினமும் 20 முதல் 50 மி.லி. ரத்தப் புரதம் இப்படி வடிந்துகொண்டே போனால், நீர் ரத்தக்குழாயில் தங்காது. கசிந்து தாழ்வான இடத்தில் சேரும். குனிந்து மேயும் மாட்டுக்கு அந்தத் தாழ்வான இடம் தாடைக்கு அடியில். ‘தண்ணி கோத்துக்கிச்சு’ என்று கிராமத்தில் சொல்வது மருத்துவ ரீதியாகவும் சரியான வார்த்தை!

இன்னொரு தந்திரமும் உண்டு. புழுவைப் பிடிக்க உடம்பு அனுப்பும் ஆன்டிபாடிகளையும் இதே கேதப்சின் வெட்டிப் போடுகிறது. 1993-லேயே அயர்லாந்து விஞ்ஞானி ஜான் டால்டனின் குழு இதை வெளியிட்டது. கத்தி, கரண்டி, கேடயம் மூன்றுக்கும் ஒரே நொதிக் குடும்பம் என்றால், புழு எவ்வளவு சிக்கனமான ஆள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேப்சூல் ஏன் போய்ச் சேராது?

கடையில் விற்கும் செரிமான என்சைம் மாத்திரை, கணையம் சரியாகச் சுரக்காத நோயாளிகளுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும்போது உயிர் காக்கும் மருந்து. அதில் சந்தேகமில்லை. ஆனால், அது வேலை செய்வது குடலுக்குள். ஈரல் புழு இருப்பது பித்தநாளத்தில். பித்தநீர் ஈரலிலிருந்து குடலை நோக்கி இறங்குகிறது. குடலில் கரைந்த கேப்சூல் ஓடைத் தண்ணீரை எதிர்த்து ஏறும் கெண்டை மீன் மாதிரி மேலே போக முடியாது. குடல் உறிஞ்சி ரத்தம் வழியாக அனுப்பட்டுமே என்றால், நொதியும் ஒரு புரதம்தான். பருப்பைப் போல அதையும் உடம்பு செரித்துவிடும். மாட்டின் கதை இன்னும் மோசம். விழுங்கியது முதலில் போய் விழுவது கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நொதித்துக்கொண்டிருக்கும் அசையூண் வயிற்றில். கேப்சூல் விலைக்குக் கொஞ்சம் புண்ணாக்கு வாங்கிப் போடலாம்.

சரி, தப்பித்தவறிக் கொஞ்சம் போய்ச் சேர்ந்தாலும்? புழுவின் மேல்தோல் மீது ஒரு சர்க்கரை-புரதப் பூச்சு இருக்கிறது. அதைப் புழு ஓயாமல் உதிர்த்துப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். பித்தநீரிலேயே வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்துகிற ஜீவனைக் கேப்சூல் பொடி என்ன செய்துவிடும்?

ரீல்ஸ்காரர்கள் முழுப் பொய் சொல்கிறார்கள் என்றும் ஒதுக்கிவிட முடியாது. பப்பாளி, அன்னாசி, அத்தி ஆகியவற்றின் நொதிகள் உருண்டைப்புழுக்களின் மேல்தோலைச் சிதைப்பதைப் பிரிட்டனில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால், அது குடலுக்குள் வாழும் வேறு இனப் புழு. அந்த முடிவைத் தூக்கி ஈரல் புழுவின் மேல் ஒட்டுவது, பேருந்து டிக்கெட்டைக் காட்டி ரயிலில் ஏறுவது போலத்தான்.

‘பாராசைட் கிளென்ஸ்’ மோகத்துக்கு ஒரு முன்கதையும் உண்டு. ஹுல்டா கிளார்க் என்ற அமெரிக்க மாற்றுமருத்துவ எழுத்தாளர், எல்லாப் புற்றுநோய்க்கும் ஒரு குடல் தட்டைப்புழு ஈரலுக்குள் வருவதே காரணம் என்று 1993-ல் புத்தகம் போட்டார். மூலிகைச் சாறும், ஒரு சின்ன மின்கருவியும் அவர் சொன்ன வைத்தியம். அவரே 2009-ல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்து ‘லிவர் ஃப்ளஷ்’ செய்தால் பச்சைப் பச்சையாகக் கற்கள் வெளியேறும் என்பதும் இதே வகையறா. 2005-ல் லான்செட் இதழில் இருவர் அப்படி வந்த ‘கற்களை’ ஆராய்ந்து, எண்ணெய் வயிற்றுச் சாறுகளோடு சேர்ந்து உண்டாக்கிய சோப்புக் கட்டிகள் அவை என்று எழுதினார்கள்.

இதில் கசப்பான விஷயம், புற்றுநோய்க்கும் ஈரல் புழுவுக்கும் உண்மையிலேயே ஒரு தொடர்பு இருக்கிறது. தாய்லாந்து, லாவோஸ் பக்கம் பச்சை மீன் சாப்பிடுவதால் வரும் ஓபிஸ்தார்கிஸ் விவெரினி, சீனா, கொரியா பக்கத்து குளோனார்கிஸ் சைனென்சிஸ் ஆகிய இரண்டும் பித்தநாளப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது. நம் ஊர் மாட்டுப்புழு அந்தப் பட்டியலில் இல்லை. மீன் குழம்பு கொதிக்கிற வீட்டுக்கு அந்த இரண்டும் வரப்போவதும் இல்லை.

பூச்சி மருந்து எல்லாம் ஒன்றா?

‘அதான் மூணு மாசத்துக்கு ஒருக்கா பூச்சி மருந்து குடுக்கிறோமே’ என்பார்கள். எந்த மருந்து என்பதுதான் விஷயம். ஐவர்மெக்டின் உருண்டைப்புழுவுக்கும் உண்ணிக்கும் கேட்கும். ஈரல் புழு அதைச் சட்டை செய்யாது. ஃபென்பெண்டசோலும் அப்படியே. அல்பெண்டசோல் அதிக அளவில் கொடுத்தால்தான், அதுவும் வளர்ந்த புழுவை மட்டும்தான், கொல்லும். சினை பிடித்த தொடக்கத்தில் அதைக் கொடுப்பது கன்றுக்கு ஆபத்து. ஆக்சிகுளோசனைடும் வளர்ந்த புழுவுக்கானது. ஈரலைத் துளைத்துக்கொண்டிருக்கும் குஞ்சுப்புழுவையும் சேர்த்துக் கொல்வது ட்ரைகிளாபெண்டசோல். அதற்கும் மசியாத புழுக்கள் 1990-களின் நடுவிலேயே ஆஸ்திரேலியாவில் தென்பட்டுவிட்டன. இருக்கும் ஒரே நல்ல ஆயுதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வீசினால் என்ன ஆகும் என்பதற்கு ஆன்டிபயாடிக் கதை போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாடை வீங்கிய மாட்டுக்கெல்லாம் ஈரல் புழு என்று முத்திரை குத்தவும் முடியாது. வயிற்றுத் தட்டைப்புழு என்று இன்னொன்று இருக்கிறது. அதுவும் நத்தை வழியாகத்தான் வரும், அதே மாதிரிக் கழிச்சல், அதே மாதிரி வீக்கம். ரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழுவும் தாடையில் நீர் சேர்க்கும். மருந்து மூன்றுக்கும் ஒன்றில்லை. எது என்று தெரியாமல் பாட்டிலைத் திறப்பது பணத்துக்கும் கேடு, பாலுக்கும் கேடு.

சாணமும் பாலும் சொல்லிவிடும்

எளிய பரிசோதனை சாணத்தில் முட்டை தேடுவது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஈரல் புழு முட்டை கனமானது. மற்றப் புழு முட்டைகளைப் போல உப்புக் கரைசலில் மிதந்து மேலே வராது. தண்ணீரில் கரைத்து, அடியில் படியவிட்டு, அந்தப் படிவை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பொன்மஞ்சள் நிறத்தில், ஒரு முனையில் மூடியோடு தெரிந்தால் ஈரல் புழு. நிறமே இல்லாமல் அதே வடிவில் இருந்தால் வயிற்றுத் தட்டைப்புழு. ஒரு நுண்ணோக்கி, ஒரு கண்ணாடிக் குவளை, பழகிய கண் போதும்.

ஆனால், முட்டை வரும்போது புழு ஏற்கெனவே மூன்று மாதக் குடித்தனக்காரர். அதற்கு முன்பே பிடிக்கத்தான் நொதி உதவுகிறது. ஈரல் செல்கள் உடையும்போது அவற்றுக்குள் இருக்கும் ஜி.எல்.டி.எச். என்ற நொதி ரத்தத்தில் கசிகிறது. புழு சுரங்கம் தோண்டும் வாரங்களில் இது எகிறும். புழு பித்தநாளத்துக்குள் வந்ததும் ஜி.ஜி.டி. என்ற இன்னொரு நொதி ஏறும். மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் நீங்கள் பார்த்திருக்கும் அதே ஜி.ஜி.டி.தான். இவை இரண்டும் ‘ஈரலில் ஏதோ கோளாறு’ என்று சொல்லும். புழு என்று பெயர் சொல்லாது.

பெயர் சொல்வது கேதப்சின். புழு சுரக்கும் கேதப்சின் பித்தநீரோடு குடலுக்கு வந்து, சாணத்தில் வெளியேறுகிறது. அதைக் கண்டுபிடிக்கும் எலைசா பரிசோதனையை ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2000-களில் உருவாக்கினார்கள். முட்டை தென்படுவதற்கு முன்பே பல மாடுகளில் இது நோயைக் காட்டிவிடும். மருந்து கொடுத்த பிறகு புழு செத்ததா இல்லையா என்பதையும் இதை வைத்துப் பார்க்கலாம். புழு எந்தக் கத்தியை வைத்துக் குடலைக் கிழித்ததோ அந்தக் கத்தியிலேயே அதன் கைரேகை இருக்கிறது!

இதைவிட விழுப்புரத்துக்குப் பொருத்தமானது பால் பரிசோதனை. புழு சுரக்கும் பொருள்களுக்கு எதிராக மாட்டின் உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி பாலிலும் வரும். ஐரோப்பாவில் பண்ணையின் மொத்தப் பால் தொட்டியிலிருந்து ஒரு சாம்பிள் எடுத்து, அந்தப் பண்ணையில் ஈரல் புழு எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்ப்பது வழக்கமான நடைமுறை. விழுப்புரத்துக் கிராமங்களில் பெரிய பண்ணை கிடையாது. ஆளுக்கு இரண்டு மாடு, மூன்று மாடு. ஆனால், காலையும் மாலையும் அத்தனை வீட்டுப் பாலும் ஒரே இடத்துக்கு, பால் சங்கத்துக்கு, வருகிறது. அங்கே கொழுப்பையும் எஸ்.என்.எஃப்.பையும் அளந்து பணம் போடுகிறார்கள். அதே பாலிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை, பங்குனி, சித்திரை வாக்கில் ஊருக்கு ஒரு சாம்பிள் எடுத்து அனுப்பினால், எந்த ஊர் ஏரிக்குக் கீழே பிரச்னை அதிகம் என்று ஒரு வரைபடமே கிடைத்துவிடும்.

குறைகள் இருக்கின்றன. ஐம்பது வீட்டுப் பால் கலந்தால், இரண்டு மாட்டின் நோய் அடையாளம் நீர்த்துப்போகும். மருந்து கொடுத்துப் புழு செத்த பிறகும் ஆன்டிபாடி சில மாதம் தங்கும். வெளிநாட்டு கிட், நம் ஊர்ப் பெரிய புழுவுக்கு எவ்வளவு சரியாக வேலை செய்யும் என்பதை இங்கே வைத்துச் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், மாநிலம் முழுக்கக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுகள், ஆவின் என்று மூன்று பெரிய அமைப்புகளைக் கையில் வைத்திருக்கும் மாநிலத்துக்கு இது முடியாத காரியமா? திண்டிவனம் வட்டத்தில் பத்து ஊரில் ஒரு வருஷம் செய்து பார்க்கலாமே. தடுப்பூசி வரட்டும் என்று காத்திருக்க முடியாது. டால்டன் குழு 1996-லேயே கேதப்சினை வைத்து மாடுகளுக்கு ஊசி போட்டு, சில குழுக்களில் புழுவின் எண்ணிக்கையைப் பாதிக்கு மேல் குறைத்துக் காட்டியது. கால் நூற்றாண்டு தாண்டியும் அது கடைக்கு வரவில்லை.

அதுவரை மேய்ச்சலில் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. அறுக்கும்போது தாளின் அடிப்பாகத்தைக் கழனியிலேயே விட்டு, மேல்பாகத்தை மட்டும் வைக்கோலுக்கு எடுத்து நன்றாகக் காயவைப்பது ஒன்று. உறைப்புழு பெரும்பாலும் தண்ணீர் மட்டத்தை ஒட்டித்தான் இருக்கும். தொழுவத்துச் சாணத்தை மக்கவைக்காமல் நேராகத் தண்ணீர் நிற்கும் கழனிக்கு இழுத்துவிடாமல் இருப்பது இன்னொன்று. மூன்றாவதை இந்த மாவட்டம் தெரியாமலே செய்துகொண்டிருக்கிறது: அறுவடை முடிந்த கழனிகளில் நாடோடியாக வாத்து மேய்ப்பவர்கள் விழுப்புரத்திலும் உண்டு. சிந்திய நெல்லோடு நத்தையையும் வாத்து பொறுக்கித் தின்னும். ஏரி உள்வாயில் மாட்டை இறக்குவதற்கு முன் வாத்து ஒரு சுற்று போய் வந்தால் நல்லதுதான். வாத்துக்காரரை விரட்டும் ஊர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நமக்கு வருமா?

இதைப் படிப்பவர்கள் கடைசியில் கேட்பது இதைத்தான். ஈரல் வறுவல் சாப்பிட்டால் வராது. ஈரலில் இருப்பது வளர்ந்த புழு. நமக்குத் தொற்றுவது புல்லிலும் கீரையிலும் ஒட்டியிருக்கும் உறைப்புழு. புழு இருந்த ஈரலைச் சாப்பிட்டவரின் மலத்தில் முட்டை தென்பட்டு, நோயே இல்லாதவருக்கு நோய் என்று ரிப்போர்ட் வருவது உண்டு. சில நாள் ஈரலைத் தவிர்த்துவிட்டு மறுபடி பார்த்தால் தெரிந்துவிடும்.

உலகில் குறைந்தது 24 லட்சம் பேருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. பொலிவியா, பெரு, எகிப்து, ஈரான் போன்ற இடங்களில் அதிகம். இந்தியாவில் ஆங்காங்கே சில நோயாளிகள் மட்டும் பதிவாகியிருக்கிறார்கள். மாடு மேயும் ஏரிக்கரையில் பறித்த வல்லாரையையோ பொன்னாங்கண்ணியையோ பச்சையாக அரைத்து ஜூஸ் குடிக்கும் ‘ஹெல்த்தி’ பழக்கம்தான் கவனிக்க வேண்டியது. வதக்கியோ வேகவைத்தோ சாப்பிட்டால் பயமில்லை. நோய் உறுதியானால் மனிதருக்கும் மருந்து அதே ட்ரைகிளாபெண்டசோல், அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2019-ல் அதற்கு ஒப்புதல் கொடுத்தது. டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டிய மருந்து அது. மாட்டு மருந்துப் பாட்டிலிலிருந்து ஊற்றிக் குடிக்கும் விஷயம் கிடையாது.

மாட்டின் போட்டோவைப் பார்த்துக்கொண்டு போனைப் பிடித்திருக்கும் பிள்ளை, அம்மாவிடம் சொல்ல வேண்டியது சுருக்கமானது. காலையில் மாடு போட்ட புதுச் சாணத்தில், தரையில் படாத பகுதியாக ஒரு பிடியை பிளாஸ்டிக் கவரில் கட்டி, மாட்டின் அடையாளத்தை எழுதி, வெயில் ஏறுவதற்குள் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள். “பூச்சி இருக்கான்னு பாருங்க” என்று பொதுவாகச் சொல்லாமல், “ஈரல் புழு முட்டை இருக்கான்னு படியவெச்சுப் பாருங்க டாக்டர்” என்று கேட்கச் சொல்லுங்கள். மாடு எழுந்து நடக்க முடியாத நிலையில் இருந்தால் 1962-க்கு போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். மருந்து எழுதும்போது இரண்டு கேள்விகள் மறக்க வேண்டாம்: இது குஞ்சுப்புழுவுக்கும் கேட்குமா? கொடுத்த பிறகு எத்தனை நாள் பாலைச் சங்கத்துக்கு ஊற்றக் கூடாது?